ஓட்டுக்கு டோக்கன், அரிசிக்கு “நாளைக்கு வாங்க”



போன வாரம் எங்கள் ரேஷன் கடையில் மெஷின் வேலை செய்யவில்லை என்று நான்கு வரி எழுதிப் போட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். வருகைப்பதிவு எடுக்கமாட்டேன்.

முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாரல் அடித்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை. பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் வாங்கலாம் என்று ஒன்பதே கால் மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள். நம் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கடையநல்லூரில் தெருவுக்குத் தெரு திண்ணையில் சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். இலையும் தூளும் வாங்கி வந்து, வெட்டி, சுருட்டி, நூல் கட்டி, குறித்த நேரத்துக்குள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. எண்ணிக்கைக்குத்தான் காசு. ரேஷன் கடையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குக் காசு. எனக்கு அப்படி இல்லை. நான் நின்றாலும் உட்கார்ந்தாலும் மாசம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும்.

கடையில் இருக்கும் பிள்ளை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஒன்பது மணிக்கு மெஷினைப் போட்டாள். சுற்றிக்கொண்டே இருந்தது. “சர்வர் கிடைக்கல” என்றாள். அணைத்துப் போட்டாள். மறுபடி சுற்றியது. வாசல்படியில் ஏறிக் கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். எதிர்ப்பக்க வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒரு பையனின் செல்போனில் ஹாட்ஸ்பாட் வாங்கிப் பார்த்தாள். யாருக்கோ போன் போட்டாள், அவர் இன்னொரு நம்பர் கொடுத்தார், அந்த நம்பரை எடுக்கவில்லை. இதற்குள் வரிசையில் பேச்சு தடித்துவிட்டது. “சம்பளம் வாங்குதியல்லா, இத சரிபண்ணி வைக்கத் தெரியாதா” என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது. அவள் அந்த மெஷினைச் செய்தவளும் இல்லை, வாங்கியவளும் இல்லை. அது நின்றுபோனால் திட்டு வாங்குவதற்கு மட்டும் அவளை நியமித்திருக்கிறார்கள்.

பத்தே முக்காலுக்கு உயிர் வந்தது. அதன் பிறகும் சுலபமில்லை. இப்போது எடைத் தராசையும் ப்ளூடூத்தில் மெஷினோடு சேர்த்துவிட்டார்கள் இல்லையா, அரிசியைத் தராசில் வைத்து எடை மெஷினில் ஏறினால்தான் பில். எடையில் ஏமாற்றக்கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் தராசும் மெஷினும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத நேரத்தில் மூட்டையும் ஆளும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

எனக்கு முன்னால் ஒரு லாத்தா. கிட்டத்தட்ட என் வயதுதான். பேர் எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் முறை வந்தது. வலது பெருவிரலை வைத்தார். விழவில்லை. சேலையில் துடைத்து வைத்தார். விழவில்லை. தலைமுடியில் தேய்த்து வைத்தார். அந்தப் பிள்ளை ஒரு துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, “இந்த விரல வைங்க லாத்தா, அந்த விரல வைங்க” என்று பத்து விரலையும் பார்த்துவிட்டாள். ஒன்றும் விழவில்லை. லாத்தா தன் கையை எனக்குக் காட்டினார். “பாருங்க டீச்சர், ரேகையே இல்ல. இலையும் நூலும் திண்ணுட்டு” என்றார். உண்மையிலேயே விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன.

சரி, கைரேகை விழாவிட்டால் ஓ.டி.பி. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அட்டையில் பதிந்திருப்பது மகனின் நம்பர். மகன் ரியாத்தில். ஓ.டி.பி. ரியாத்துக்குப் போயிற்று. மகன் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறதே என்று கேட்டேன். “இருக்கு டீச்சர், கேபிள் போயிட்டு, மாத்தித் தாறோம்னு சொல்லியிருக்காங்க” என்றாள். அடுத்தவர் அடுத்தவர் என்று நாலைந்து பேருக்குப் பில் போட்டாள். பன்னிரண்டே முக்காலுக்கு மெஷின் சார்ஜ் இறங்கி அணைந்தது. ஒரு மணிக்குக் கடை அடைப்பு. லாத்தா மடித்த பையை அப்படியே இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். அந்த மாதத்தில் அவர் வந்து திரும்பியது அது மூன்றாவது தடவை.

எல்லோரும் போன பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். “ஏம்மா, மெஷின் நின்னா எழுதிக் குடுக்கலாம்னு விதி இருக்கே, நோட்டு இல்லையா?” என்றேன்.

“நோட்டு இருக்கு டீச்சர்” என்றாள். மேசை இழுப்பறையைத் திறந்து காட்டவும் செய்தாள். கோடு போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும் எழுதியிருந்தது. “எழுதிக் குடுத்தா மெஷின்ல ஸ்டாக் குறையாது. ஆய்வுக்கு வாறவங்க மெஷின்ல இருக்கிற கணக்கத்தான் பாப்பாங்க. மூட்டையில அரிசி குறைஞ்சா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. யாருக்காவது நல்லது செய்யப் போயி நான் எங்க டீச்சர் போவேன்?”

இதுதான் நடந்தது. இதைத்தான் சுருக்கி நான்கு வரியில் எழுதினேன். இனி வந்த பதில்களுக்கு வருகிறேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் எழுதியிருந்தான்: “பெரியம்மா, எந்த சிஸ்டமும் சில நேரம் டவுன் ஆகத்தான் செய்யும். 99 சதவீதம் வேலை செய்கிறதே, அதைப் பாருங்கள். பழையபடி நோட்டுப் புத்தகத்துக்குப் போகச் சொல்கிறீர்களா?” அதற்கு அறுபத்திரண்டு லைக். அதில் பாதி என் மாணவர்கள். மெஷின் வராவிட்டால் ரேஷன் அரிசி இன்னும் கேரளாவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும் என்று இன்னொருவர்.

தம்பி, நான் உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ சொன்ன 99-ஐயே வைத்துக்கொள்வோம். ஆயிரம் அட்டை உள்ள கடையில் பத்து அட்டைக்கு வேலை செய்யாது. அந்தப் பத்து யார்? மாதாமாதம் குலுக்கல் போட்டு வேறு வேறு ஆளாக வந்தால், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டப்பட்டோம், போகட்டும் என்று விடலாம். அப்படியா வருகிறது? பீடி சுற்றுகிற விரல், தறியில் தேய்ந்த விரல், செங்கல் தூக்கிய விரல், நாற்று நட்ட விரல், வயதாகிச் சுருங்கிய விரல். போன மாதமும் அதே பத்து, இந்த மாதமும் அதே பத்து. கீபோர்டு தட்டுகிற உன் விரல் என்றைக்காவது விழாமல் போயிருக்கிறதா? சுண்ணாம்புக்கட்டி பிடித்த என் விரலே விழுந்துவிடுகிறது. உன் கணக்கில் ஒரு சதவீதம். லாத்தாவின் கணக்கில் நூற்றுக்கு நூறு.

பழையபடி போகச் சொல்கிறேனா? இல்லை. பழைய காலத்தை உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். வாங்காத மண்ணெண்ணெயை வாங்கியதாக அட்டையில் எழுதியிருப்பார்கள். செத்துப்போனவர் பேரில் சர்க்கரை போகும். தட்டிக் கேட்டால் அடுத்த மாதம் “ஸ்டாக் இல்ல”. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்து, வாங்கினால் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 2020-இல் கைரேகை வந்தபோதும் குறை சொல்லவில்லை. வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர்கள் போன இடத்தில் வாங்கலாம் என்றார்கள், அது பெரிய வசதி. நம் மாநிலத்தில் 2011 முதல் அரிசி இலவசம். பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பது இந்த வரிசையில் நிற்பவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். குறிப்பிட்ட வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 முதல் தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். லாத்தாவுக்கு அந்த வயது வர இன்னும் சில வருஷம் இருக்கிறது, அதுவரை விரலுக்கு என்ன செய்ய?

மெஷின் கெட்டுப்போவதில் எனக்குச் சண்டையே இல்லை. எந்த மெஷினும் நிற்கும். என் வீட்டு மிக்ஸி நின்றால் அம்மியில் அரைக்கிறேன். கரண்ட் போனால் விளக்கேற்றுகிறேன். மிக்ஸி நின்றுவிட்டது, அதனால் இன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இல்லை என்று நான் சொன்னால் வீட்டில் என்ன சொல்வீர்கள்? டீக்கடையில் ஜிபே போகவில்லை என்றால் கடைக்காரர் குடித்த டீயைத் திருப்பிக் கேட்கிறாரா? “நாளைக்குக் குடுங்க” என்கிறார். பத்து ரூபாய் டீக்கு அவர் வைக்கிற நம்பிக்கையை, நாற்பது வருஷமாக அட்டை வைத்திருக்கிற பெண்ணின் மேல் அரசாங்கம் வைக்கக்கூடாதா?

பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெறும் முன்பே செல்போனில் வருகைப்பதிவு வந்துவிட்டது. காலையில் ஆப் திறக்காத நாட்கள் எத்தனையோ. அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம்? பழைய பதிவேட்டில் பேர் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டோம். ஆப் திறந்தபோது ஏற்றினோம். திறக்காவிட்டால் மறுநாள் விளக்கம் எழுதினோம். ஆப் திறக்கவில்லை, அதனால் இன்றைக்கு நீ வரவில்லை, உனக்குச் சத்துணவு கிடையாது, முட்டை கிடையாது என்று ஒரு பிள்ளையிடமாவது சொன்னோமா? சொல்லியிருந்தால் ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும். வந்திருக்கவும் வேண்டும்.

என் தம்பி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பதிவு எழுதும் முன் அவனிடம் கேட்டேன், சிக்னல் கருவி கெட்டால் என்ன செய்வீர்கள் என்று. சிரித்தான். “அக்கா, வண்டிய நிறுத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னா சொல்லுவோம்?” இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் போனில் பேசி, ஒருவருக்கொருவர் ரகசிய எண்ணைச் சொல்லி எழுதிக்கொண்டு, ‘பேப்பர் லைன் கிளியர் டிக்கெட்’ என்று ஒரு தாள் எழுதி டிரைவர் கையில் கொடுப்பார்களாம். நம் ஊர் வழியாகச் சென்னைக்குப் போகிற பொதிகையும் அப்படி ஒரு நாள் வந்தால் அந்தத் தாளை நம்பித்தான் போகும். மெதுவாகப் போகும், ஆனால் போகும். கருவி கெட்டால் யார் என்ன எழுத வேண்டும், எந்தப் படிவத்தில், யார் கையெழுத்து என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து புத்தகம் போட்டு வைத்திருக்கிறார்கள். தாள் எழுதிக் கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் சம்பளத்தில் யாரும் பிடிப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் தண்டனை. ஆயிரம் உயிரை ஒரு தாளை நம்பி அனுப்பலாமாம், இருபது கிலோ அரிசியை அனுப்பக்கூடாதாம்.

இது எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. தேர்தல் வேலை. எத்தனை தேர்தல் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஓட்டுப்பெட்டி காலத்திலும் பார்த்தேன், மெஷின் காலத்திலும் பார்த்தேன். மெஷின் வந்த பிறகு எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே மெஷின் நின்றால் என்ன செய்வது என்பதுதான். விடிகாலையில் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டுப் பார்த்து அழிக்க வேண்டும். நடுவில் பழுதானால் மண்டல அலுவலர் ஜீப்பில் மாற்று மெஷின் கொண்டுவருவார். அதற்குள் பதிவான ஓட்டு அந்த மெஷினிலேயே பத்திரமாக முத்திரை போட்டு வைக்கப்படும். வாக்காளர் பதிவேடு மட்டும் கடைசிவரை காகிதம்தான். கையெழுத்துப் போடுவார்கள், தெரியாதவர்கள் மையில் பெருவிரலைத் தோய்த்து வைப்பார்கள். அந்த ரேகை தெளிவாக இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி எந்தக் கலெக்டரும் சொன்னதில்லை. பேரும் முகமும் அட்டையும் சரியாக இருந்தால், ஏஜென்டுகள் ஆட்சேபிக்காவிட்டால், ஓட்டு.

நேரம் முடிகிறபோது வரிசை இருந்தால்? அங்கேதான் அழகு. கதவை மூடிவிட்டு, உள்ளே நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்து முன்னால் வர வேண்டும், நடுவில் யாரும் நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக. கடைசி ஆள் ஓட்டுப் போடும்வரை இரவு எட்டானாலும் ஒன்பதானாலும் நாங்கள் எழுந்திருக்கக்கூடாது. இந்த லாத்தாவைப் போன்ற பெண்கள் பீடி கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள், சாயங்காலம்தான் வருவார்கள். அவர்கள் கையில் நானே சீட்டுக் கொடுத்திருக்கிறேன். “அவசரமே இல்ல, நில்லுங்க, உங்க ஓட்டு போட்டுட்டுத்தான் நாங்க போவோம்” என்று சொல்லியிருக்கிறேன்.

அதே ஊர். அதே பெண். அதே விரல். ஓட்டுக் கேட்கிற நாளில் அந்த விரலுக்கு மாற்று மெஷின் ஜீப்பில் வருகிறது. அரிசி கேட்கிற நாளில் “நாளைக்கு வாங்க”. அவர் ஓட்டை இழந்துவிடக்கூடாது என்று இவ்வளவு யோசித்த அரசாங்கத்துக்கு, அவர் ஒரு நாள் கூலியை இழக்கக்கூடாது என்று யோசிக்கத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஓட்டு விழாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு நஷ்டம். அரிசி விழாவிட்டால் லாத்தாவுக்கு மட்டும்தான் நஷ்டம்.

இதில் கொடுமை என்னவென்றால், விதி இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் சந்தோஷி குமாரி என்ற 11 வயதுப் பிள்ளை இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் செத்தாள், சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் அம்மா. மலேரியா என்றது அரசு. நாடே பேசியது. அடுத்த மாதம், அக்டோபர் 24-ஆம் தேதி, மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது: நெட்வொர்க் இல்லை, ரேகை விழவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது, அட்டையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது உச்ச நீதிமன்றமும், அங்கீகாரம் தோற்றுப்போனதற்காகத் தகுதியானவருக்கு மறுக்கக்கூடாது என்பதை அழுத்தமாகவே சொன்னது. அந்தக் கடிதத்தின் பிள்ளைதான் நம் கடை மேசை இழுப்பறையில் கிடக்கிற நீள நோட்டு. தலைப்பு எழுதியாயிற்று. முதல் வரி இன்னும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதை என் மாணவி சொல்லிவிட்டாள். நோட்டில் எழுதுவது சட்டப்படி சரி, ஆனால் எழுதினால் அவள் சம்பளம் போகும். எழுதாமல் திருப்பி அனுப்புவது சட்டப்படி தப்பு, ஆனால் அனுப்பினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு மனசாட்சி இருக்கிறதா என்று வரிசையில் நிற்பவர்களைச் சத்தம் போட வைத்திருக்கிறார்கள். ஏழைக்கும் ஏழைக்கும் சண்டை. மேலே இருப்பவர்கள் பெயர்கூட அந்தச் சண்டையில் அடிபடுவதில்லை. “சர்வர் டவுன்” என்று யாரோ எவரோ இல்லாத ஒரு பேர். மழை பெய்யவில்லை என்பதுபோல. சர்வர் என்ன குற்றாலம் அருவியா, தண்ணீர் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று சும்மா இருக்க? அதற்கு டெண்டர் உண்டு, ஒப்பந்தம் உண்டு, பராமரிப்புக்குப் பணம் உண்டு. நின்றுபோன மணி நேரத்துக்கு அவர்களிடம் என்ன பிடித்தார்கள்? விற்பனையாளரிடம் ஒரு கிலோ குறைந்தால் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, இது தெரியாமலா இருக்கும்?

“நோட்டைத் திறந்தால் திருட்டு வரும்” என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. வரலாம். மறுக்கவில்லை. சத்துணவுப் பதிவேட்டில் வராத பிள்ளைக்கும் வந்ததாகக் குறித்த பள்ளிக்கூடங்கள் உண்டு, எனக்குத் தெரியாததா. அதற்காகச் சத்துணவை நிறுத்தினார்களா? திடீரென்று வந்து தட்டை எண்ணினார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம். பக்க எண் போட்ட நோட்டு, மெஷின் நின்ற நேரமும் திரும்ப வந்த நேரமும், வாங்கியவர் கையெழுத்து அல்லது மை ரேகை, வரிசையில் நிற்கிற யாராவது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. மெஷின் நின்றதா இல்லையா என்பது அந்த சர்வருக்கே தெரியுமே, ஒத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டில் எழுதியிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் திருடலாம் என்பதற்காகத் திருடாத லாத்தாவை மூன்று நாள் நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு பையன் காப்பியடித்தான் என்று வகுப்பு முழுவதையும் வெளியே நிறுத்துகிற வாத்தியாரை நீங்கள் யாரும் நல்ல வாத்தியார் என்று சொன்னதில்லை.

இடையில் ஒன்று. இது ரேஷனோடு நிற்கிற சங்கதியும் இல்லை. பீடி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்களுக்கு பி.எஃப். பென்ஷன் வருகிறதல்லவா, பலருக்கு அந்தக் குறைந்தபட்ச 1000 ரூபாய்தான், அதற்கும் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அங்கேயும் விரலை வைக்கச் சொல்கிறார்கள். இப்போது முகத்தைப் பார்க்கிற ஆப் வந்திருக்கிறது, தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்துகொடுங்கள், புண்ணியமாகப் போகும். நேரில் வந்து நிற்கிற ஒரு பெண்ணிடம், நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை உன் விரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுகிற காலம் வரும் என்று நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

லாத்தா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை நான்காவது தடவையாகப் போயிருக்கிறார். இடது கை மோதிர விரல் முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விழாத அதே விரல். ஏன் விழுந்தது என்று கடைக்காரப் பிள்ளைக்கும் தெரியவில்லை, லாத்தாவுக்கும் தெரியவில்லை. “அல்லாட கருணை டீச்சர்” என்றார். அவர் அப்படிச் சொல்லலாம். துறை அப்படி விட்டுவிடக்கூடாது.

ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஒரே பக்கம். மெஷின் நின்று அரை மணி நேரம் ஆனால் நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். நோட்டில் எழுதியதை ஸ்டாக் கணக்கில் ஏற்றுக்கொள்ள வேண்டும், விற்பனையாளர் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. மூன்று தடவை ரேகை விழாதவரை நான்காவது விரலைத் தேடச் சொல்லாமல் அட்டையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, யாருக்குத் தகவல் சொல்லப்பட்டது என்பதைக் கடை வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும். புதிதாக எதுவும் கேட்கவில்லை. இருக்கிற விதியை, அதன்படி நடப்பவருக்கு அடி விழாதபடி செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் இருக்கிற நீங்கள் என்ன செய்யலாம்? கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், உங்கள் கம்பெனியில் ஒரு மெஷின் செய்யும்போது, நின்றுபோனால் வாசலில் நிற்பவர் கதி என்ன என்று ஒரு தடவை கேளுங்கள், அது போதும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், உங்கள் அம்மாவின் ரேஷன் அட்டையில் இருக்கிற போன் நம்பரை ஊரில் இருப்பவர் நம்பராக இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். வயதானவர் சார்பில் வேறொருவர் வாங்க அனுமதிப் படிவம் இருக்கிறது, அதையும் எழுதிக்கொடுங்கள். திருப்பி அனுப்பினால் 1967-க்குப் போன் போட்டுப் பதிவு செய்யுங்கள், கடைப் பிள்ளையிடம் சத்தம் போடாதீர்கள். அவள் என் மாணவி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

பெங்களூர்க்காரனே, உன்மேல் கோபம் இல்லை. தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் காலை என்னோடு வரிசையில் நில், லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வா. பிறகு உன் 99-ஐப் பற்றிப் பேசுவோம்.

வருகிற திங்கட்கிழமை தென்காசிக்குக் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போகிறேன். காலை எட்டு மணிக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். வரமுடிந்தவர்கள் வாருங்கள், கையெழுத்துப் போட மட்டும் முடியுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போங்கள். பீடி சுற்றுகிற யாரையும் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். அவர்கள் நின்றது போதும்.